பேட், டெரிபிள், புவர்: கூடாத விதை நெல்லுக்கு எந்தச் சொல்?

மட்டக்களப்புப் பக்கம் வெல்லாவெளியில் மாமா பெரும்போகத்துக்கு, அதாவது மாரிகால நெல் விதைப்புக்கு, வாங்கிய விதை நெல்லில் சரிபாதிதான் முளைத்தது. விற்ற கம்பெனிக்கு இங்கிலிஷில் கடிதம் எழுத என்னைக் கூப்பிட்டார். "கூடாத விதை நெல்லைத் தந்திட்டானுகள் எண்டு எழுது மனே" என்றார். 'கூடாத' என்றால் எங்கள் பேச்சில் மோசமான என்று அர்த்தம். அதை நாங்கள் ஆளுக்கும் மீனுக்கும் பழக்கத்துக்கும் போட்டுவிடுவோம். இங்கிலிஷில் அந்த ஒன்றுக்கு மூன்று சொல் வந்து நின்றன.

'பேட்' பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கே போட்டாலும் பொருந்தும், ஆனால் என்ன குறை என்று காட்டாது. போதாததற்கு, 'பேட் சீட்' என்றால் பிறவியிலேயே கெட்ட ஆள் என்றும் ஒரு பொருள் உண்டு.

'டெரிபிள்' மச்சானின் தெரிவு. கோபம் நன்றாகத் தெரியும். பயமுறுத்துவதைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்த சொல் அது. அதே வேரில் வந்த 'டெரிஃபிக்' இன்று 'பிரமாதம்' ஆகிவிட்டது, அது வேறு கதை. இதில் சிக்கல் என்னவென்றால், 'டெரிபிள்' ஏற்கெனவே உச்சியில் நிற்கிறது. முன்னால் 'வெரி' போட்டால் அவ்வளவாக ஒட்டாது, 'அப்சொலூட்லி' என்றால்தான் இசையும்.

நான் பிடித்துக்கொண்டது 'புவர்'.

"புவர் எண்டா ஏழைதானே? அவனுகளா ஏழை, நானா?" என்றார் மாமா. சிரிப்பு வந்தாலும் கேள்வி சரிதான். ஆளுக்கு முன்னால் அந்தச் சொல் சறுக்கும். 'புவர் ஃபார்மர்' என்று எழுதினால் ஏழை விவசாயி என்றுதான் படிப்பார்கள். பொருளுக்கு முன்னால் வந்தால் இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை என்று பொருள்: புவர் குவாலிட்டி, புவர் ஹார்வெஸ்ட், புவர் ஐசைட். 'ரேதர்' போட்டுத் தணிக்கலாம், 'வெரி' போட்டு ஏற்றலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இந்த அளவு விஷயம்தான். அளவைச் சொல்லும் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணை வைக்கலாம். மிஞ்சிய நெல்லில் 100 மணியை எண்ணி ஊறவைத்து, ஈரச் சாக்கில் சுற்றி, அடுப்படி மூலையில் வைத்தோம். நாலாம் நாள் மாமி விரித்து எண்ணினார். வெள்ளை முளை காட்டியது 54. 'புவர் ஜேர்மினேஷன்' (முளைப்பு போதாது) என்று எழுதி, தொடர்ந்து 100க்கு 54 என்று போட்டேன். அதே எண்ணை 'டெரிபிள்' பக்கத்திலும் எழுதிப் பார்த்தேன். சந்தையில் கத்திக்கொண்டிருப்பவன் நடுவில் நின்று சில்லறை எண்ணுகிற மாதிரி இருந்தது.

நான் பழகியது கடித இங்கிலிஷ் மட்டும். நேருக்கு நேர் வாய்ச்சண்டைக்கு 'புவர்' எடுபடுமா என்று சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை. கெட்ட கனவு, கெட்ட மணம் இவற்றுக்கு அது ஆகாது, அங்கெல்லாம் 'பேட்' தான்.

கடிதத்தை முடித்தபின் மாமா சாக்கைத் திறந்து முகர்ந்தார். "மறுகா இந்தப் பூஞ்சண மணத்தை எழுதல்லியா?" கடைசியில் 'பேட் ஸ்மெல்' என்று ஒரு வரி சேர்த்தேன். முழுக் கடிதத்திலும் அவருக்குப் பிடித்தது அந்த வரிதான்.