மலையகத்தில் ஒரு வருஷமா, நேரே ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரியா?

அக்கா மகள் நீட் எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். "சித்தி, ஒரு வருஷம் இலங்கை மலையகத்துல பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துட்டு, அப்புறமா எம்பிபிஎஸ் சேரட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு அந்த எண்ணம் ரொம்பப் பிடித்தது.

அட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டப் பள்ளிகள் தமிழ்வழிப் பள்ளிகள். தமிழ்நாட்டிலிருந்து காப்பி, தேயிலைத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் வம்சத்துப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். புரியாத ஒன்றைப் புரியும்படி சொல்லும் பொறுமை அங்கே தானாக வரும். நாளைக்கு நோயாளி முன்னால் உட்காரும்போது அதுதான் கைகொடுக்கும்.

ஆனால் விலை பெரிது. பிரிட்டனில் சில மருத்துவக் கல்லூரிகள் சேர்க்கையை ஒரு வருஷம் தள்ளிவைக்க அனுமதிக்கின்றன. இங்கே அது நடக்காது. நீட் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும்தான். கிடைத்த சீட்டை விட்டால் மறுபடி தேர்வு, மறுபடி கலந்தாய்வு. விசா, தங்கும் செலவு வேறு.

நேரே சேர்ந்தால் நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி. 1965-இல் தொடங்கிய நம் ஐகிரவுண்டு கல்லூரியே, அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியே கிடைத்தால் வீட்டுச் சோறு. பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசைக்கு நம் மாவட்டத்துப் பீடி ஊரான முக்கூடல் போதும். அம்மா பீடி சுற்றும் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளுக்கு ஞாயிறு தோறும் அறிவியல் சொல்லலாம்.

சீட்டு கிடைத்தால் சேர்ந்துவிடு, பயிற்சி முடித்து டாக்டராக மலையகம் போ என்று சொல்லியிருக்கிறேன். கிடைக்காவிட்டால் திரும்ப உட்கார்ந்து பேசுவோம்.