புதுக் கேரவனின் அடிச்சட்டத்தில் கீறல்: திருப்பிக் கொடுப்பதா, வெல்டிங் போடுவதா, பிளேட் முடுக்குவதா?

காரின் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டிதான் கேரவன். வாங்கி இரண்டு மாதம் ஆகவில்லை, கதவு நிலையில் உரசுகிறது. சிம்பாங் புலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஒருமுறை ஏறி இறங்கியதும், முன்மூலையில் சிலிக்கன் பூச்சு மயிரிழை கனத்துக்குப் பிளந்து நிற்கிறது. ஒரு பக்க டயர் மட்டும் உள்விளிம்பில் தேய்கிறது. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இப்படி ஒரு கேரவன் வந்து நின்றால் யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. “வித்தவன்கிட்டயே தள்ளிவிடுங்கண்ணே” என்பார் ஒருவர். “செம்பனை ஆலையில முப்பது வருசம் வெல்டிங் போட்டவர் இருக்காரு, அரை நாள் வேலை” என்பார் அடுத்தவர். “சூடே காட்டாதீங்க, பிளேட் வச்சு போல்ட் முடுக்குங்க” என்பார் மூன்றாமவர். மூன்று யோசனையிலும் நியாயம் இருக்கிறது. கோளாறு எந்த இடத்தில், என்ன வகை என்பதைப் பொறுத்துத்தான் எது பொருந்தும் என்று சொல்ல முடியும். எதை முதலில் செய்கிறோம் என்பதும் முக்கியம், ஏனென்றால் தவறான வரிசையில் தொட்டால் மற்ற இரண்டு வழிகளும் அடைபட்டுப் போகும்.

முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்

சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். நான்கு மூலைக்கால்கள் வண்டி ஆடாமலிருக்கப் பொருத்தியவை, பாரம் தாங்க அல்ல.

மூன்று இடங்களில் டார்ச் அடித்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். முன்னால் இழுவைக் கொக்கியிலிருந்து வரும் இரு கைகளும் முதல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடம், ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட், அச்சுக்குப் பின்னால் சைக்கிள் தாங்கியோ ஜெனரேட்டரோ தொங்கவிட்டிருந்தால் அங்கே நீளவாக்கில் ஓடும் நெடுஞ்சட்டம். வெல்டிங் தையலின் நடுவைவிட, தையல் முடிந்து வெறும் இரும்பு தொடங்கும் ஓரத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். விசை அங்கேதான் திரளும், விரிசலும் அங்கேதான் பிறக்கும்.

செம்மண் சடக்கில் ஓடிய வண்டியில் தூசி எது, துரு எது என்று குழப்பம் வரும். ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். தூசி போய்விடும். விரிசல் என்றால் நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டொரு நாளில் அதே கோட்டிலிருந்து ஆரஞ்சு நிறம் மறுபடி கசியும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மூன்று ஸ்பிரே டப்பாக்கள் கொண்ட சாயச் சோதனை செய்யலாம். சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்து 10 முதல் 15 நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, வெள்ளை மாவு ஸ்பிரே அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்துவரும். இரும்பு தெரியாமல் பெயிண்டின் மேலேயே அடித்தால் பெயிண்டின் வெடிப்பும் அப்படியே தெரியும், அதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. பெயிண்டைச் சுரண்டும் முன் விற்றவருக்கு எழுதிவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

பிறகு அளவு நாடா. இழுவைக் கொக்கியின் நடுவிலிருந்து இடது ஸ்பிரிங் போல்ட் வரை ஓர் அளவு, வலது ஸ்பிரிங் போல்ட் வரை ஓர் அளவு. வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அச்சு நகர்ந்திருக்கிறது, அல்லது சட்டம் முறுகியிருக்கிறது. நெடுஞ்சட்டத்தின் அடியில் இரு முனையிலும் ஒரே கனமுள்ள கட்டை வைத்து நைலான் கயிறு இழுத்து, அரை மீட்டருக்கு ஒருமுறை இடைவெளியை அளந்து எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் பயப்பட அவசரமில்லை, பாரம் ஏறினால் நேராகட்டும் என்று தயாரிக்கும்போதே மேல்நோக்கி வளைத்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வளைந்திருந்தால்தான் வினை.

திருப்பிக் கொடுப்பது

புது வண்டிக்கு இதுதான் முதல் வழி, நெடுஞ்சட்டம் மடங்கியிருந்தால் ஒரே வழியும் இதுதான். மடங்கிய இரும்பை நிமிர்த்தலாம், ஆனால் மடங்கிய இடத்தில் உலோகம் நீண்டு சோர்ந்துவிட்டது. அடுத்த பள்ளத்தில் அதே இடத்தில்தான் மறுபடி மடங்கும்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். குறை சரிசெய்யக்கூடியதாக இருந்தால் விற்றவர் நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும். அடிப்படையான குறை என்றால் பொருளையே நிராகரிக்கலாம். ஆனால் அந்த உரிமைக்கு ஆயுள் உண்டு. நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டாலும், கைக்கு வந்தபின் வேறு காரணத்தால் பழுதாகியிருந்தாலும் அது போய்விடும். கிரைண்டரை முதலில் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உள்ளூர்ப் பட்டறை தொட்ட சட்டத்தைப் பார்த்து, “பட்டறைக்காரர் போட்ட சூட்டில்தான் வெடித்தது” என்று விற்றவர் சொன்னால் மறுப்பது கடினம். அதனால் அளவு நாடாவை விரிசலின் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், நாள் குறியுங்கள், எழுத்தில் அனுப்புங்கள், அதன்பின் வண்டியை இழுக்காதீர்கள்.

விற்றவரின் அடுத்த பதில் பெரும்பாலும் “பாரம் அதிகம் ஏத்திட்டீங்க” என்பதாக இருக்கும். இதற்குத் தோட்டப் பட்டணத்தில் நல்ல விடை இருக்கிறது. செம்பனை ஆலையிலும் பழைய இரும்புக் கடையிலும் லாரி எடைமேடை உண்டு. பயணத்துக்கு ஏற்றிய அதே சாமான்களுடன், தண்ணீர்த் தொட்டியும் நிரப்பி, வேறொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், கேரவனை மட்டும் மேடையில் இறக்கி நிறுத்திச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேரவனின் தகட்டில் அடித்திருக்கும் மொத்த எடைக்குள் இருந்தால் அந்தச் சீட்டு ஒன்றே போதும், பேச்சு அடங்கும். மீறியிருந்தால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பேசி முடியாவிட்டால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். இழப்பு அதற்கு மேல் என்றால் மிச்சத்தை விட்டுக்கொடுத்தும் அங்கே போகலாம். குடும்பப் பயணத்துக்கு வாங்கிய கேரவனுக்கு இது பொருந்தும். ரொட்டி சானாய்க் கடை போடுவதற்கென்றே செய்யப்பட்ட டிரெய்லர் என்றால், அது வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் வகைப் பொருளா என்ற கேள்வி எழும். அப்போது 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டமும் சாதாரண நீதிமன்றமும்தான் கைகொடுக்கும்.

இந்த வழியின் குறை, காலம். வண்டி மாதக் கணக்கில் நிற்கும், தவணை ஓடும்.

வெல்டிங்

ஸ்பிரிங் பிராக்கெட்டின் தையல் மட்டும் விட்டிருந்தால், விற்றவர் எழுத்தில் சம்மதித்தபின் நல்ல வெல்டர் கையில் கொடுப்பது நியாயமான தீர்வு. டிரெக்டர் டிரெய்லரும் ஆலைக் கூண்டும் ஒட்டிப் பழகிய கைகள் இந்த ஊர்களில் உண்டு. ஆனால் டிரெக்டர் டிரெய்லர் இரும்பு கனம், கேரவன் இரும்பு மெல்லியது. அதே கரண்டில் அடித்தால் ஓட்டை விழும்.

விரிசலின் மேலேயே ஒரு தையல் ஓட்டிவிட்டுப் பெயிண்ட் அடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அடியில் விரிசல் அப்படியே இருக்கும், சில நூறு கிலோமீட்டரில் மேலே வந்துவிடும். முறை இது: விரிசலின் நுனியைச் சாயச் சோதனையில் கண்டுபிடித்து, அங்கே சிறு துளை போட்டு ஓட்டத்தை நிறுத்த வேண்டும். விரிசல் முழுவதையும் ‘வி’ வடிவில் அடிவரை தோண்டி நிரப்ப வேண்டும். பட்டறைகளில் எப்போதும் கிடக்கும் 6013 வெல்டிங் குச்சியைவிட, குறை ஹைட்ரஜன் 7018 குச்சி இந்த வேலைக்கு நல்லது. ஆனால் அது ஈரம் இழுத்துக்கொள்ளும். திறந்து கிடந்த பெட்டியிலிருந்து எடுத்தால் அதன் பயன் போச்சு. சூட்டுப் பெட்டியில் வைத்ததுதானா என்று கேளுங்கள்.

மேலே பிளேட் ஒட்டுவதானால் சட்டத்தின் கனமே போதும். கனத்த பிளேட் விறைப்பாக நின்று, விரிசலைத் தன் ஓரத்துக்குத் தள்ளிவிடும். முனைகளைச் சாய்சதுரமாக வெட்டி, சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளுக்கு இடையே நிற்கும் நடுச்சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும். விளிம்புகளின் குறுக்கே தையல் போகக் கூடாது, இழுவிசை பெரும்பாலும் விளிம்புகளில்தான் ஓடுகிறது.

தரைப்பலகைக்கு அடியில் நுரைப்பஞ்சு, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக் உறை, வயர்கள் இருக்கும். பேட்டரி, கேஸ் தோம்பு இரண்டையும் கழற்றி, உறையை விலக்கி, தீயணைப்புக் கருவியுடன் ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். வேலை முடிந்தும் குறைந்தது ஒரு மணி நேரம் நகரக் கூடாது, நுரைக்குள் கனன்ற நெருப்பு அப்புறம்தான் எழும்.

சேஸ் எண் அடித்திருக்கும் துண்டை வெட்டவே கூடாது. மாற்றியாக வேண்டுமென்றால் முன்கூட்டியே ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேளுங்கள்.

போல்ட் முடுக்கும் பிளேட்

மெல்லிய தகட்டை மடித்துத் துத்தநாகம் முக்கிய ஐரோப்பிய வகைச் சட்டங்களில் வெல்டிங்கும் புதுத் துளையும் கூடாதென்று தயாரிப்பாளர்களே தடுத்திருக்கிறார்கள். அங்கே பழுதான பாகத்தை மொத்தமாகக் கழற்றி, இருக்கும் துளைகளிலேயே புதுப் பாகத்தை முடுக்குவதுதான் சரி. துத்தநாகத்தின் மேல் வெல்டிங் போட்டால் தையலில் குமிழ் விழும், அதன் புகை வெல்டருக்குக் குளிர்காய்ச்சல் கொண்டுவரும்.

ஆங்கில ‘C’ வடிவிலான கனத்த சி சேனல் சட்டத்தில் பிளேட் முடுக்கலாம். 8.8 தர எம்12 போல்ட், நைலான் பூட்டு நட், துளை நடுச்சுவரில் மட்டும். பெட்டிக்குழாய்ச் சட்டத்தில் உள்ளே தாங்குகுழாய் இல்லாமல் முடுக்கினால் சுவர் நசுங்கி, போல்ட் தானாகத் தளரும். சூடு இல்லை, தீ இல்லை, பின்னால் கழற்றிக் காட்டலாம் என்பதால் விற்றவரோடு பேச்சு நடக்கும்போது இது வெல்டிங்கைவிடப் பாதுகாப்பு. ஆனால் துளை போடவும் எழுத்தில் சம்மதம் வேண்டும். விரிசல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் அதை மறைக்கும், நிறுத்தாது.

எங்கள் கணக்கு இப்படி. சட்டம் மடங்கியிருந்தாலோ, இழுவைக் கையின் அடியில் விரிசல் இருந்தாலோ திருப்பிக் கொடுங்கள், அது பிடுங்கிக்கொண்டால் பின்னால் வருபவர் உயிர் போகும். பிராக்கெட் தையல் மட்டும் என்றால் வெல்டிங். துத்தநாகச் சட்டம் என்றால் பாகம் மாற்றுவது.

எந்த வழியானாலும் முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 500இல் ஒருமுறை அடியில் படுத்துப் பாருங்கள், போல்ட்டுகளை, முடுக்கின் இறுக்கத்தை அளக்கும் டார்க் சாவியால் சரிபாருங்கள். பழுது பார்த்த இடத்துக்குத் துத்தநாகப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் கறுப்புக்குப் பதில் வெள்ளை அடித்துவிடுங்கள். புது விரிசல் வந்தால் துருக்கோடு அதில் தூரத்திலிருந்தே தெரியும்.