குறைந்த பட்ஜெட் கம்ப்யூட்டர்: புதிய அடித்தட்டா, பழைய மேல்தட்டா?

"கையில் கொஞ்சம்தான் இருக்கிறது, என்ன லேப்டாப் வாங்கலாம்?" என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர், இன்னும் கொஞ்சம் போட்டால் அடுத்த மாடலே கிடைக்குமே என்பார். அடுத்தவர் அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் என்பார். மூன்றாவது ஆள் மேக்புக்கில் போய் நிற்பார். நாலாவது ஆள், பழைய மெஷினில் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போட்டால் போதாதா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். கேட்டவருடைய பட்ஜெட் என்ன, வேலை என்ன என்று ஒருவரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

சரி, வேலையை முதலில் வரையறுத்துக்கொள்வோம். பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், எழுத்து வேலை, எக்ஸெல், வீடியோ கால், படம் பார்ப்பது, கொஞ்சம் புரோகிராமிங். பெரும்பாலானவர்களுக்குத் தேவை இவ்வளவுதான். கேமிங்கும் வீடியோ எடிட்டிங்கும் வேறு கணக்கு, அதை இங்கே இழுக்கவில்லை. இந்த வேலைக்குப் போட்டியிடுபவை முக்கியமாக நான்கு: ஏற்கெனவே இருக்கும் பழைய மெஷினுக்கு உயிர் கொடுப்பது, புதிதாக வரும் அடிமட்ட விலை லேப்டாப், அலுவலகங்கள் கழித்துவிட்ட பிசினஸ் லேப்டாப், அப்புறம் மினி பிசி.

இருப்பதைத் திறந்து பார்ப்பது

பழைய மெஷின் "ஸ்லோ ஆகிவிட்டது" என்று ஒதுக்குவதற்கு முன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை, அதாவது எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் திரையை, திறந்து கொஞ்ச நேரம் பாருங்கள். பல சமயம் சிபியு, அதாவது ப்ராசசர், பத்து, பதினைந்து சதவீதத்தில் சோம்பிக் கிடக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படியென்றால் ப்ராசசரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. லேப்டாப்பில் இருக்கும் 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) ஹார்ட் டிஸ்க், ஒரே பெரிய ஃபைலைப் படிக்கும்போது நொடிக்குச் சுமார் 100 எம்பி தரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது கேட்பது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை, அதுவும் டிஸ்கின் வெவ்வேறு மூலைகளிலிருந்து. படிக்கும் முள் ஒவ்வொரு முறையும் இடம் மாறிப் போய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். நொடிக்கு நூறு முறை அப்படிப் போய் வந்தாலே அதிகம். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வந்த, சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. பழைய சாட்டா இணைப்பில் வரும் சாதாரண எஸ்எஸ்டிகூட இதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்துவிடும். அதனால்தான் பத்து வருடப் பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டவர்கள் ஏதோ அற்புதம் நடந்ததுபோல் பேசுகிறார்கள்.

எஸ்எஸ்டி மாற்றும் வேலையும் பெரிய வித்தை இல்லை. அடிமூடியில் திருகுகளைக் கழற்றி, பழைய கிரெடிட் கார்டு மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்கை விளிம்பில் செலுத்தி நகர்த்தினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக 'டக், டக்' என்று விடும். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உடைத்துவிட்டோம் என்றுதான் தோன்றும், பயப்பட வேண்டாம். உள்ளே எதையும் தொடுவதற்கு முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும், இது மட்டும் கட்டாயம். கூடவே ரேமையும் (தற்காலிக நினைவகம்) மாற்றுவதென்றால், அதைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கிகளும் தாமே பிடித்துக்கொள்ளும். நீளம் வேறாக இருக்கும் திருகுகளை எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீளத் திருகைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் மேலே கீபோர்டுப் பக்கம் முண்டும்.

இந்த வழி எங்கே முட்டுகிறது? சாஃப்ட்வேரில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டமும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ராசசர் என்றால் ஏறக்குறைய 8-வது தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இடம். நாலாவது தலைமுறை ஐ5 ப்ராசசர் உள்ள மெஷின் ஒன்று எஸ்எஸ்டியோடு ஜோராக ஓடிக்கொண்டிருக்கும், மைக்ரோசாஃப்ட்டைப் பொறுத்தவரை அது செத்துவிட்டது. குறுக்கு வழிகளில் 11-ஐ ஏற்றலாம். ஆனால் ஒவ்வொரு பெரிய அப்டேட்டின்போதும் வயிற்றில் புளியைக் கரைக்கும். அம்மா அப்பாவுக்குக் கொடுக்கும் மெஷினில் அந்த வேலையைச் செய்யாதீர்கள். லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுங்கள். பிரவுசர் ஐகான் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

கடையில் மின்னும் அடிமட்டம்

இப்போது புதிய லேப்டாப்புக்கு வருவோம். பளபளவென்று பெட்டி, ஒரு வருட வாரண்டி, யாரும் தொடாத கீபோர்டு. இந்தக் கவர்ச்சியை நான் கேலி செய்யவில்லை, புதுப்பொருளுக்கு அந்தச் சுகம் உண்டு. ஆனால் மிக மலிவான வரிசையில் இன்னமும் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்: இன்டெலின் செலரான் என்4020 போன்ற இரண்டே கோர் (கணக்கிடும் பகுதி) உள்ள ப்ராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. இஎம்எம்சியை எஸ்எஸ்டி மாதிரி எண்ணிக்கொள்ள வேண்டாம், மலிவு போனிலும் டேப்லெட்டிலும் இருக்கும் வகை அது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் உட்கார்ந்த பிறகு 64 ஜிபியில் மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பெரிய அப்டேட் வரும்போது இடமில்லை என்று நிற்கும். சரி, மாற்றலாம் என்று திறந்தால் ரேமும் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அதாவது, வாங்கிய அன்றே அதன் ஆயுள் முடிவாகிவிட்டது.

இதற்கு ஒரு படி மேலே இன்டெல் என்100 வைத்தவை இருக்கின்றன. 2023-இல் வந்த இந்த சிப்பை செலரானோடு ஒரே கூடையில் போடுவது அநியாயம். நாலு கோர், வெறும் 6 வாட், சூடாகாது, பெரும்பாலும் விசிறியும் சத்தம் போடாது. சாதாரண வேலையில் 2017-இன் ஐ5-8250யுவுக்கு அருகில் வந்து நிற்கும். 8 ஜிபி ரேமும் நிஜ எஸ்எஸ்டியும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். குறை என்னவென்றால் சிப்பைச் சுற்றியிருப்பவை: மங்கலான திரை, தட்டினால் நடுவில் வளையும் கீபோர்டு, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் டச்பேட். ஸ்பெக் ஷீட்டில் இவற்றுக்கு எண் கிடையாது. தினமும் கை படுவது இவற்றில்தான்.

பெயர்ப் பலகை விளையாட்டு இன்னொரு தலைவலி. இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் ரைசன் 5 7520யு ப்ராசசரைப் பார்த்ததும் 7000 வரிசை, புத்தம் புதுசு என்றுதான் தோன்றும். ஏஎம்டியின் அந்தப் பெயர் முறையில் முதல் இலக்கம் அது எந்த ஆண்டு வரிசை என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். இங்கே அது 2, அதாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2. பக்கத்திலேயே 7540யு என்று ஒன்று இருக்கும், அது ஜென் 4. ஸ்டிக்கரில் இரண்டுமே 'ரைசன் 5'. இன்டெல் மட்டும் என்ன வாழ்ந்தது? ஐ5-7200யு இரண்டு கோர், அடுத்த வருடமே வந்த 8250யு நாலு கோர். விற்பவர் வாயில் இரண்டும் "ஐ5 சார்". முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்காமல் ஒரு அடிகூட நகரக் கூடாது.

அலுவலகம் கழித்துவிட்டது

என் ஓட்டு இதற்குத்தான், மறைக்க ஒன்றுமில்லை. லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலீட்புக் ஆகியவை நிறுவனங்களுக்கென்றே செய்யப்படுபவை. மூன்று நான்கு வருடக் குத்தகை முடிந்ததும் நூற்றுக்கணக்கில் மொத்தமாக வெளியே வரும், விலை சடாரென்று இறங்கும். வடிவமைப்பே வேறு: கழற்றுவதற்கு வசதியான அடிமூடி, உறுதியான கீல், நிறுவனமே வெளியிடும் சர்வீஸ் மேனுவல், எளிதில் கிடைக்கும் உதிரிபாகம்.

2018-இல் வந்த திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரேம் ஸ்லாட். உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி. மெஷினை அணைக்காமலே வெளிப் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். அடுத்து வந்த டி490-இல் அந்த வெளிப் பேட்டரி போய்விட்டது, ஒரு பகுதி ரேமும் போர்டில் ஏறிவிட்டது. புதியது பழையதைவிட மோசமாவதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. டி480-க்கு ஒரு ரசிகர் மன்றமே உண்டு. அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதாரணத் திரை வைத்து வந்தவை கண்ணுக்கு இதமில்லாதவை. பழைய ஃபர்ம்வேரில் (சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) இருந்த பிழையால் தண்டர்போல்ட் எனும் அதிவேக போர்ட் கெட்டுப்போன கதைகளும் நிஜம், லெனோவோ பின்னர் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. 7-வது தலைமுறை சிப்போடு விற்ற டி480-களும் உலவுகின்றன, விண்டோஸ் 11 வேண்டுபவர்கள் அவற்றைத் தொட வேண்டாம்.

நேரில் பார்த்து வாங்கினால் கண் போக வேண்டிய இடங்கள் சில. கீபோர்டில் ஆங்கில 'A', 'E', ஸ்பேஸ்பார் மூன்றும் எண்ணெய் தடவியதுபோல் மின்னினால் மெஷின் நன்றாகவே உழைத்திருக்கிறது. திரையை ஒரு கையால் திறங்கள், ஒரு பக்கம் முன்னேயும் இன்னொரு பக்கம் பின்னேயும் வந்தால் கீல் போச்சு. சார்ஜரைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள், சார்ஜ் விளக்கு அணைந்து எரிந்தால் வேண்டாம். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. முதலில் இருந்த கொள்ளளவு எவ்வளவு, இப்போது நிறைவது எவ்வளவு என்று இரண்டு எண்கள் அதில் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரிக் காசையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போக முடிகிறதா என்பது. பாஸ்வேர்டு கேட்டால் விற்பவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தோடு சேர்த்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து லாகின் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்டால் அந்த மெஷின் இன்னும் பழைய அலுவலகத்தின் பிடியிலிருந்து விடுபடவில்லை.

வாரண்டி விஷயத்தில் புதியதே ஜெயிக்கிறது. எடையிலும் ஜெயிக்கலாம். மற்றபடி ஒரே காசுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தால், பழைய மேல்தட்டு மெஷினை விட்டுவிட்டுப் புதிய அடித்தட்டை எடுப்பவர்கள் பெட்டிக்காகத்தான் எடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம். பிறந்தநாள் பரிசுக்குப் பெட்டி முக்கியம், ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கில் சமீபத்தில் ஒன்று மாறியிருக்கிறது. "இப்போதைக்கு 8 ஜிபியோடு வாங்கு, பிறகு ரேம் போட்டுக்கொள்ளலாம்" என்பது நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்த ஆலோசனை. 2025-இன் பிற்பகுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் பசியால் மெமரி விலை எகிறியது. ரேம், எஸ்எஸ்டி இரண்டிலும் பேர்போன க்ரூஷியல் பிராண்டை மூடிவிட்டு நுகர்வோர் சந்தையிலிருந்து விலகுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இப்போது 16 ஜிபி ரேம் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய மெஷின் கண்ணில் பட்டால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நஷ்டமில்லை. அதே காரணத்தால் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுபவர்கள் ரேமைக் கழற்றி வைத்துக்கொண்டு போடட்டும்.

மேஜையை விட்டு நகராதவர்களுக்கு

மெஷின் ஒரே இடத்தில்தான் இருக்கப்போகிறது என்றால் லேப்டாப்பே தேவையில்லை. திங்க்சென்டர் டைனி, ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, எலீட்டெஸ்க் மினி என்று சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள குட்டிப் பெட்டிகளும், அதாவது மினி பிசிகளும், இதே அலுவலகங்களிலிருந்துதான் வருகின்றன. ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றலாம், பல மாடல்களில் ப்ராசசரையே மாற்றலாம். கீல், பேட்டரி, கீறல் விழுந்த திரை என்று தேய்ந்துபோக எதுவும் இல்லாததால் பழையது வாங்கும் பயம் பாதி குறைகிறது. வீட்டில் சும்மா கிடக்கும் மானிட்டரும் கீபோர்டும் இருந்தால் இதைவிட லாபமான வழி இல்லை. கரண்ட் போனால் எல்லாம் போச்சு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்த இடத்தில் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு ஒற்றை போர்டு கம்ப்யூட்டரைக் கொண்டுவருபவர்கள் உண்டு. 2012-இல் வந்த காலத்திலிருந்து எனக்கும் அதன்மேல் பிரியம்தான். கற்றுக்கொள்ள, சின்னச் சின்ன சாதனங்களை இயக்க அதற்கு நிகரில்லை. ஆனால் பவர் சப்ளை, கூலர், கேஸ், சேமிப்பு எல்லாம் தனித்தனியாக வாங்கிக் கூட்டினால் பழைய மினி பிசியின் விலைக்கு வந்து நிற்கும், வேகத்தில் பின்தங்கும். அன்றாடக் கம்ப்யூட்டராக வேண்டாம்.

விண்டோஸ் இல்லாமல் கூகுளின் க்ரோம்ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப்பான க்ரோம்புக் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து வருட அப்டேட் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. அந்தப் பத்து வருடம் அந்த வகை மெஷின் முதன்முதலில் வெளியான நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. யாரோ கழித்துவிட்ட பழைய மாடலுக்கு எத்தனை காலம் மிச்சம் என்று அதன் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு வாங்குங்கள்.

இத்தனையும் பேசிய பிறகு, ஒரே ஒரு சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் தலைகீழாக்கலாம். ஆன்லைன் தேர்வைக் கண்காணிக்கும் செயலி, கணக்கு எழுதும் சாஃப்ட்வேர், கையெழுத்துப் போடும் டிஜிட்டல் டோக்கன் இப்படி ஏதாவது ஒன்று விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்று அடம்பிடித்தால் லினக்ஸும் க்ரோம்புக்கும் அங்கேயே அவுட். அந்தப் பட்டியலை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் மெஷின் தேடப் போங்கள்.