சர்வேயா, ஃபோகஸ் குரூப்பா? பிரசாரத்துக்கு முன் எதில் பணம் போடலாம்

ரத்த தானம் செய்ய ஆள் சேர்க்கும் ஒரு தன்னார்வ அமைப்புக்கு மக்கள் தொடர்புத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். ஆய்வுக்கு ஒதுக்கிய பணம் ஏதாவது ஒன்றுக்குத்தான் வரும்: ஒரு சர்வே, இல்லையென்றால் நான்கு ஃபோகஸ் குரூப், அதாவது சிலரை ஒன்றாக உட்கார வைத்துப் பேசவிட்டுக் கேட்கும் குழுப் பேச்சு. நான் சர்வேயைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சர்வே எண்ணிக்கையைச் சொல்லும், குழுப் பேச்சு காரணத்தைச் சொல்லும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முந்தின வருடம் அதே அமைப்புக்குக் குழுக்கள் நடத்தியிருந்தோம். எட்டு எட்டுப் பேராக, ஒன்றரை மணி நேரம். அதில் பெரிய லாபம், மக்கள் வாயில் புழங்கும் சொற்கள். எங்கள் துண்டுப் பிரசுரம் முழுக்கக் 'குருதிக் கொடை' என்று இருந்தது. வந்தவர்களில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. 'ரத்தம் குடுக்குறது' என்றார்கள். அன்றே மாற்றிவிட்டோம். ஆனால் குழுவில் முதலில் பேசுகிறவர் எந்தப் பக்கம் இழுக்கிறாரோ, மற்றவர்கள் அந்தப் பக்கம் தலையாட்டுவதும் நடக்கும். நான்கு குழுவும் சேர்ந்து 32 பேர். அதைச் சதவீதமாக்கிப் பேசவே கூடாது. அப்படியும் நிர்வாகக் கூட்டத்தில் யாராவது பேசிவிடுகிறார்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே கேள்வி. ஆறு மாதம் கழித்து அதே அளவுகோலை மறுபடி வைத்துப் பார்க்க முடியுமா?

மக்கள் தொடர்பு நூலாசிரியர் ஜான் மார்ஸ்டன் 1963-இல் சொன்ன நான்கு படிகள் இந்தத் துறையில் எல்லோருக்கும் பாடம்: ஆய்வு, செயல்திட்டம், தொடர்பாடல், மதிப்பீடு. முதல் படியில் எதை அளந்தோமோ அதைத்தான் கடைசிப் படியில் ஒப்பிட முடியும். தொடக்க அளவு இல்லாவிட்டால், கடைசியில் பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒட்டி, அந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று கணக்குக் காட்ட வேண்டியதுதான். அந்த விளம்பர மதிப்பு மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று, இந்த வேலையை அளவிடுவதற்கென வகுத்த பார்சிலோனா கோட்பாடுகள் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டன.

சர்வேயிலும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் முதல் வரைவில் இருந்த இலக்கு, 'எங்கே ரத்தம் கொடுக்கலாம் என்று தெரிந்தவர்களை 5 புள்ளி (சதவீதப் புள்ளி) கூட்டுவது'. முறையாகக் குலுக்கி எடுத்த 400 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு, அதாவது சர்வே எண் உண்மை நிலையிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறக்குறைய 5 புள்ளி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அப்படி இரண்டு சர்வேக்களை ஒப்பிடும்போது, வித்தியாசம் 7 புள்ளி அளவுக்காவது இருந்தால்தான் அது நிஜமான மாற்றம் என்று தைரியமாகச் சொல்லலாம். 1000 பேர் என்றால்கூட 4 புள்ளிக்குச் சற்று மேல் வேண்டும். ஆக, 400 பேரை வைத்துக்கொண்டு, 5 புள்ளி கூடினாலும் எங்களால் நிரூபிக்க முடியாது! அப்புறம்தான் திட்டத்தையே மாற்றினோம். எல்லா வயதினருக்கும் பரப்பாமல் 18 முதல் 25 வயதுக்காரர்களோடு நிறுத்தி, 400 பேரையும் அந்த வயதிலேயே எடுத்து, இலக்கை 10 புள்ளி ஆக்கினோம். குழுப் பேச்சு எங்களை இந்த முடிவுக்குக் கொண்டுவந்திருக்காது.

இரண்டாம் சுற்றில் 'எங்கே கொடுக்கலாம் என்று தெரியுமா?' என்பதை 'ஓர் இடம் சொல்லுங்கள்' என்று மாற்றலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். கேள்வியாக அது இன்னும் நல்ல கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'தெரியும்' என்று தலையாட்டுவது சுலபம்; இடத்தைச் சொல் என்றால் பாதிப்பேர் யோசிப்பார்கள். எண் தானாக இறங்கிவிடும், பழியைப் பிரசாரம் சுமக்கும். ஒரு சொல்கூட மாற்ற விடவில்லை. புதுக் கேள்வியைக் கடைசியில் தனியாகச் சேர்த்தோம்.

குழுப் பேச்சு ஜெயிக்கும் இடமும் உண்டு. என்ன கேட்பது என்றே பிடிபடாத புது விஷயத்தில் சர்வே குருட்டாம்போக்கில் போகும். எங்களிடம் முந்தின வருடத்துக் குறிப்புகள் இருந்தன, அதனால் தப்பித்தோம். இல்லாதவர்கள், கேள்வித்தாள் எழுதும் முன் பத்துப் பேரிடமாவது தனித்தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நெருக்கடி நேரத்தில் எது சரி என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு வேலை எனக்கு ஒரே ஒரு முறைதான் வாய்த்தது. அன்று இரண்டுக்குமே நேரம் இல்லை, அமைப்புக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் குறிப்பேட்டை வரிவரியாகப் படித்துத்தான் பதில் எழுதினோம்.