20 சதவீத ஆல்புமின் பாட்டில்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) வந்தவரின் வயிற்றில் கோர்த்த நீரை 5 லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கும்போது, மருந்துச் சீட்டில் பையைக் கடிக்கும் வரி இதுதான். 100 மில்லி கண்ணாடி பாட்டில், வெளிர் மஞ்சள் திரவம், உள்ளே 20 கிராம் மனித ஆல்புமின், அதாவது ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்கும் புரதம். இத்தனை சின்ன பாட்டிலுக்கா இந்த விலை என்று யாருக்கும் தோன்றும்.

நீர் வடிந்ததும் ரத்தக் குழாய்கள் மேலும் தளர்கின்றன. குழாய்க்குள் ஓடும் ரத்தம் போதாமல் போகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வயிறு இளகி, மூச்சு சுலபமாகி, நோயாளி தெம்பாகவே வீடு திரும்புவார். சில நாள் கழித்துத்தான் ரத்தத்தில் சோடியம் இறங்கும், சிறுநீரகம் சோர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும், எடுத்த நீர் சீக்கிரமே திரும்பக் கோர்க்கும். இதைத் தடுப்பதுதான் பாட்டிலின் வேலை.

மலிவான மாற்று இல்லையா? 1996-இல் வெளியான ஸ்பானிய ஆய்வில் 289 நோயாளிகளை வைத்து ஆல்புமினை டெக்ஸ்ட்ரான் 70, பாலிஜெலின் என்ற இரண்டு மாற்றுக் கரைசல்களோடு ஒப்பிட்டார்கள். இந்த ரத்த ஓட்டக் கோளாறு ஆல்புமின் போட்டவர்களில் 18.5 சதவீதம், டெக்ஸ்ட்ரான் 70 போட்டவர்களில் 34.4, பாலிஜெலின் போட்டவர்களில் 37.8. சலைன் ஏற்றினால் அந்த உப்பே மறுபடி வயிற்றில் நீராகச் சேரும். ஸ்டார்ச் கரைசல் பேச்சே வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கேடு.

கணக்கு: எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம். 8 லிட்டர் எடுத்தால் 48 முதல் 64 கிராம், அதாவது மூன்று பாட்டில். 64-ஐ எட்ட வேண்டும் என்று நான்காவதை உடைப்பது வீண் செலவு. எத்தனை லிட்டர் வந்தது என்று பார்த்த பிறகே பாட்டில்களைத் திறக்க வேண்டும். திறந்ததை எடுத்து வைக்க முடியாது. வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். 5 சதவீத பாட்டில் 250 மில்லி, பார்க்கப் பெரிசு. உள்ளே இருப்பது 12.5 கிராம்தான்.

பயன்பாட்டில் பெரிய எரிச்சல் கண்ணாடிதான். பிளாஸ்டிக் பாட்டில் மாதிரி இது சுருங்காது. காற்றுத் துளை இல்லாத ஐ.வி. செட்டை மாட்டினால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, சொட்டு மெதுவாகி, பாதியில் நின்றுவிடும். உடனே மூடியில் தனி ஊசியைக் குத்துவது வார்டுகளில் நடக்கிற வேலை. கிருமி புகுவதற்கு அதுவே வழி. ஃபில்டருடன் காற்றுத் துளை உள்ள செட்டைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். குலுக்கினால் நுரைக்கும். கலங்கியிருந்தால் போடக் கூடாது. வெறும் ஸ்டெரைல் வாட்டரில் கலக்கவே கூடாது, சிவப்பணுக்கள் உடையும்.

வேகமும் முக்கியம். இது திசுக்களில் இருக்கும் நீரையும் குழாய்க்குள் இழுக்கும். மூன்று பாட்டிலையும் அவசரமாக ஓட்டினால், இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு முட்டும்.

5 லிட்டருக்குள் எடுத்தால் பலருக்கு இது இல்லாமலே சமாளிக்கலாம்; கிரியாட்டினின் ஏற்கனவே ஏறியவருக்கு அப்படி விடக் கூடாது. ரிப்போர்ட்டில் ஆல்புமின் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பாட்டில் பாட்டிலாக ஏற்றுவதற்கு நாங்கள் மதிப்பெண் தரமாட்டோம்.

மனித ரத்த பிளாஸ்மாவிலிருந்து எடுத்த பொருள் என்பதால், காலி பாட்டிலைத் தூக்கிப் போடுமுன் பேட்ச் எண் கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.