திருகோணமலையில் கேஸ் ஹீட்டர்: வாடைக்காலத்தில் தெரியவரும் குறைகள்
உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கேஸ் ஹீட்டர் வாங்குபவர்கள் தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்றுதான் கேட்கிறார்கள். புகை எந்தப் பக்கம் போகும் என்று கேட்பதில்லை. வருடக்கணக்காகப் பாவிக்கும் வீடுகளில் கரைச்சல் முழுக்கப் புகையால்தான் வருகிறது.

நவம்பரிலிருந்து வாடை வடகிழக்கே கடலிலிருந்து நேராக அடிக்கும். சுடுதண்ணீர் கூடத் தேவைப்படுவதும், சாரலுக்கும் நுளம்புக்கும் யன்னலைச் சாத்துவதும் அதே மாதங்களில்தான். புகைக்குழாயின் வாய் கடலைப் பார்த்திருந்தால் காற்று புகையை உள்ளே திருப்பித் தள்ளும். நிமிடத்துக்கு 6 லீற்றர் சுடுதண்ணீர் தரும் ஹீட்டர் முழுச் சுவாலையில் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கேஸ் எரிக்கும். ஒரு கிலோ கேஸ் சரியாக எரிய ஏறக்குறைய 12 கன மீற்றர் காற்று வேண்டும். சின்னக் குளியலறையில் இருப்பதோ 7 கன மீற்றர். காற்று குறைந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உருவாகும். அதற்கு மணமில்லை. சிலிண்டர் கசிந்தால் மூக்கில் படும் கேஸ் மணம் இதில் வராது. அதனால் புகைக்குழாய் இல்லாத மலிவு மொடல் குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம்.

வெளிச்சுவருக்கென்றே செய்த மொடலை, கடலுக்கு மறைவான சுவரில், யன்னல்களிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளிப் பொருத்துவதே இங்கே சரிவரும். உள்ளேதான் வைக்கவேண்டுமென்றால் புகையை வெளியே தள்ளும் விசிறி உள்ள மொடலை எடுங்கள். அதன் குழாய் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் ஹீட்டருக்குள் வடியும். விசிறியில்லாத குழாய் மொடல் என்றால், முதல் வளைவுக்கு முன் 60 சென்ரிமீற்றராவது நேரே மேலெழ வேண்டும்.

துருவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் 1.6 லீற்றர் அளவு தண்ணீர் ஆவியாக வரும். அது குழாய்க்குள் குளிர்ந்து படியும். உப்புக்காற்றும் சேர்ந்தால் நாகம் பூசிய தகட்டுக் குழாயின் அடிப்பக்கத் தையல்தான் முதலில் ஓட்டையாகும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, ரோச் அடித்துக் கீழிருந்து பாருங்கள். மாற்றும்போது 316 தர துருப்பிடிக்காத உருக்கு கேளுங்கள். 304 கடற்கரைக்குக் காணாது.

விசிறியில்லாத குழாய் மொடலுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கதவு, யன்னல்களைச் சாத்தி, குளியலறை, குசினி எக்ஸ்ஹோஸ்ட் ஃபான்களைப் போட்டு, ஹீட்டரை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஹீட்டருக்கு மேலே, குழாய் தொடங்கும் இடத்திலுள்ள புகைக்கூட்டின் ஓரத்தில் ஊதுபத்தியைப் பிடித்தால் அதன் புகை கூட்டுக்குள் இழுபட வேண்டும். அறைப்பக்கம் தள்ளப்பட்டால் உடனே ஹீட்டரை நிறுத்தி, யன்னலைத் திறவுங்கள். பெரும்பாலும் அந்த ஃபானே புகையை அறைக்குள் இழுக்கும். வாடை அடிக்கும் ஒரு நாளிலும் இதைச் செய்து பாருங்கள்.

மழைக்கு முன்னர், ஒக்டோபருக்குள், பேணருக்குக் காற்றுப் போகும் துவாரங்களில் சிலந்திவலையும் குழாய் வாயில் குளவிக்கூடும் இருக்கிறதா என்று பார்த்துத் துப்புரவாக்க வேண்டும். சுவாலை நீலமாக இருக்க வேண்டும், மஞ்சளானாலோ கரி படிந்தாலோ பாவிக்கக் கூடாது. காற்றுத் துவாரத்தில் நுளம்புவலை அடிக்காதீர்கள், தூசியும் உப்பும் படிந்து அடைத்துவிடும்.

காபனோரொட்சைட்டு அலாரம் கட்டாயம் வேண்டும். படுக்கையறையில் கட்டிலில் படுத்தால் மூக்கு வரும் உயரத்தில் வையுங்கள். உணரிக்கு ஆயுள் உண்டு, பின்பக்கத் திகதி முடிந்தால் அலாரத்தையே மாற்றுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரேநேரம் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வந்து வெளியே போனால் குறைந்தால், அதைத் தடிமன் என்று விடாதீர்கள். எல்லோரையும் வெளியே எடுத்து 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். கேஸ் ஹீட்டர் ஓடியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி இந்த நச்சு ஏறியவருக்கும் சுகமானவருக்குக் காட்டும் அளவையே காட்டும்.