பாங்காக், சிங்கப்பூர், கொழும்பு: நோட்டா, ஃபாரெக்ஸ் கார்டா, கிரெடிட் கார்டா?

பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வெளிநாடு கிளம்புகிறவர்களில் பலருக்கு முதல் பட்டியல் இந்த மூன்று ஊர்கள்தான். மூன்றுக்கும் இங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறது. டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் குறைக்க ஒரு வாரம் ஆப்பை நோண்டுகிறவர்கள், பணம் மாற்றுவதை மட்டும் தேவனஹள்ளி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். விமான நிலையக் கவுண்டரில் நிற்பவருக்கு வேறு வழி இல்லை என்பது கவுண்டருக்குள் இருப்பவருக்கும் தெரியும்.

எந்த வழி மலிவு என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. போகிற நாட்டில் காசு எந்தக் கடையில், எப்படிச் செலவாகும் என்பதைப் பொறுத்தே அது மாறும். முதலில் விலையைக் கணக்கிடும் முறை.

'கமிஷன் இல்லை' என்று எழுதி வைத்திருக்கும் கடையிலும் லாபம் ரேட்டுக்குள் இருக்கும். அதனால் ரேட்டைக் கேட்காதீர்கள். "20,000 பாட் வேண்டும், எல்லாம் சேர்த்து நான் எவ்வளவு தரணும்?" என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, அன்றைய சந்தை ரேட் ஒரு பாட்டுக்கு 2.70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 55,600 ரூபாய் கேட்டால், 20,000-ஆல் வகுக்க 2.78 வருகிறது. எட்டு பைசா அதிகம், ஏறக்குறைய 3 சதவீதம். இந்த ஒரு எண்ணை வைத்து எம்.ஜி. ரோடு கடையையும் வங்கியின் கார்டையும் ஒரே தராசில் நிறுத்தலாம். ஜிஎஸ்டி பெரிய தொகையே இல்லை: ஒரு லட்சம் ரூபாய் மாற்றினால் 180 ரூபாய், சின்னத் தொகைக்குக் குறைந்தது 45 ரூபாய். அதைக் காட்டி ரேட்டை நியாயப்படுத்தினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

நோட்டு

ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் வெளிநாட்டு நோட்டாக வாங்க முடியும். அதற்கு மேல் கார்டில்தான். வாங்குவது 50,000 ரூபாய்க்குள் என்றால் கடையில் ரொக்கமாகக் கட்டலாம், அதைத் தாண்டினால் முழுத் தொகையையும் வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். பாஸ்போர்ட், பான், டிக்கெட் கேட்பார்கள். எதுவும் கேட்காமல் கொடுக்கிறவரிடம் வாங்காதீர்கள். ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கடையில் பில்லோடு வாங்குவதுதான் பிறகு தொல்லை தராது.

தாய்லாந்து போகிறவர்களுக்கு இதில் ஒரு நுணுக்கம். பெங்களூரில் டாலருக்குப் போட்டி அதிகம், அதனால் லாபம் மெலிசு. பாட் எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, அதனால் விலை தடிக்கும். டாலர் வாங்கிப் போய் பாங்காக்கில் பாட் ஆக்கினால் இரண்டு முறை மாற்றுகிறோம். ஆனாலும் இரண்டு மெலிசான வெட்டு ஒரு தடித்த வெட்டைவிடக் குறைவாக வருவதுண்டு. மேலே சொன்ன கணக்கில் இங்கே பாட் 2 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், டாலர் வழியையும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படிப் போனால் 100 டாலர் நோட்டாகவே வாங்குங்கள். தாய்லாந்துக் கடைகள் 100-க்கு ஒரு ரேட், 20, 10-க்கு அதைவிடக் குறைந்த ரேட் தருகின்றன. மை பட்ட, முத்திரை குத்திய, ஓரம் கிழிந்த நோட்டைத் தள்ளிவிடுவார்கள். 2013-இல் வந்த நீலப் பட்டை நோட்டாகப் பார்த்துக் கேட்டு வாங்குவது நல்லது. பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டி எடுத்து வெளியே வந்ததும் தெரியும் கவுண்டர்களைத் தாண்டி, ரயில் நிலையம் இருக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் நகர ரேட்டை ஒட்டிய கடைகள் இருக்கின்றன. அத்தனை பணத்தையும் மேலே மாற்றிவிட்டுக் கீழே ரயிலேறும்போது அந்தப் பலகையைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் நிறைய.

இந்திய ரூபாயை ஆளுக்கு 25,000 வரை கையில் கொண்டுபோகலாம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ரூபாய் வாங்கும் கடைகள் உண்டு. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

ஃபாரெக்ஸ் கார்டு

வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துச் செலவழிக்கும் கார்டு இது. பணம் ஏற்றும் நாளிலேயே ரேட் முடிவாகிவிடும். பிறகு ரூபாய் சரிந்தாலும் கவலை இல்லை. வீட்டுச் சேமிப்புக் கணக்கோடு தொடர்பில்லாததால், தொலைந்தாலும் இழப்பு அதில் இருப்பதோடு நிற்கும். அப்பா அம்மாவைத் தனியாக அனுப்பும்போது இதுதான் நிம்மதி: இங்கிருந்தபடியே மேற்கொண்டு பணம் ஏற்றலாம்.

சிக்கல், எந்த நாணயத்தை ஏற்றுகிறோம் என்பதில். டாலர், யூரோ, சிங்கப்பூர் டாலர் பெரும்பாலான கார்டுகளில் இருக்கும். பாட் சிலவற்றில் இருக்கும். இலங்கை ரூபாய் பெரும்பாலும் இருக்காது. டாலர் ஏற்றிய கார்டைக் கொழும்பில் தேய்த்தால் குறுக்கு நாணயக் கட்டணம் விழும், பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம். அப்புறம் ஃபாரெக்ஸ் கார்டு எடுத்த பயனே இல்லை. இன்னொன்று, ஹோட்டல் செக்-இன்னில் முன்பணம் பிடித்து வைக்க இதைக் கொடுக்கக் கூடாது. அறையைக் காலி செய்த பிறகும் அந்தத் தொகை பல நாள் முடங்கிக் கிடக்கும். கையில் செலவுக்கு இருக்கும் பணமே அதுதான். அதற்குக் கிரெடிட் கார்டு. மிச்சத்தைத் திரும்ப ரூபாயாக்கும்போது வாங்கும் ரேட்டில் கழிப்பார்கள், அதனால் தாராளமாக ஏற்றி வைப்பதும் நஷ்டம்தான்.

கிரெடிட், டெபிட் கார்டு

சாதாரணக் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு மாற்று ரேட்டின்மேல் வங்கி சேர்க்கும் கட்டணம், அதாவது மார்க்-அப், 3.5 சதவீதம் என்றால், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 4.13 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய். மார்க்-அப் இல்லாத கார்டு கைவசம் இருந்தால் கடைச் செலவுக்கு அதை வெல்ல மற்ற எதுவும் இல்லை. விசா, மாஸ்டர்கார்டின் அன்றைய ரேட் சந்தை ரேட்டுக்கு மிக அருகில் இருக்கும். ஆனால் 'மார்க்-அப் இல்லை' என்பது கடைச் செலவுக்கு மட்டுமா, ஏடிஎம்முக்குமா என்று கட்டண அட்டவணையைப் பாருங்கள். கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் பெரும்பாலும் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

தாய்லாந்து ஏடிஎம் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கும். 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம். 20,000 எடுத்தால் 1.1. எடுப்பதானால் ஒரே தடவையில் எடுங்கள்.

கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்க வேண்டும். புதிய கார்டுகளில் இது மூடித்தான் வரும். ஏடிஎம், கடை மெஷின், தட்டிச் செலுத்துவது என மூன்றும் தனித்தனி பொத்தான்கள். ஒன்றை மட்டும் திறந்துவிட்டுப் போய்த் திண்டாடுவதுதான் வழக்கம். பதிவு செய்த சிம் போனிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓடிபி வராது.

எந்தக் கார்டானாலும் ஒரு பொறி பொது. மெஷின் திரையில் 'ரூபாயில் கட்டுகிறீர்களா, பாட்டிலா?' என்று கேட்கும். ரூபாய் தெரிந்த எண் என்பதால் கை தானாக அங்கே போகும். போனால் மாற்று ரேட்டை நிர்ணயிப்பது அந்தக் கடையின் வங்கி. கூடுதல் 4 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். மார்க்-அப் இல்லாத கார்டும் இங்கே காப்பாற்றாது. எப்போதும் அந்த நாட்டு நாணயம்தான். ஏடிஎம்மில் மாற்று ரேட்டை மறுக்கும் பொத்தானை அழுத்தினால் பரிவர்த்தனை ரத்தாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். ஆகாது, பணம் வரும். கடைக்காரர் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டால், ரத்து செய்து மறுபடி போடச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

ஊருக்கு ஊர்

சிங்கப்பூருக்கு நோட்டு மிகக் குறைவாகப் போதும். ரயிலிலும் பஸ்ஸிலும் நம் கார்டையே தட்டிப் போகலாம். வெளிநாட்டுக் கார்டுக்குப் பயன்படுத்தும் நாள் ஒவ்வொன்றுக்கும் 60 சிங்கப்பூர் சென்ட் கட்டணம் சேரும். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். நான்கு பேர் ஒரே கார்டைத் தட்ட முடியாது. ஏறும்போது போனைத் தட்டிவிட்டு இறங்கும்போது கார்டைத் தட்டினால், ஒரே கணக்காக இருந்தாலும் இரண்டு பயணமாகிவிடும். பெரியவர்களுக்கு அங்கேயே பயண அட்டை வாங்கிக் கொடுப்பது சுலபம். ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக்குச் சில்லறை நோட்டு இருக்கட்டும்.

தாய்லாந்தில் தள்ளுவண்டி, சந்தை, படகு எல்லாம் ரொக்கம். செலவில் பாதியையாவது நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஹோட்டலும் மாலும் கார்டில் போகட்டும்.

இலங்கைக்கு டாலர் நோட்டு. கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் வங்கிக் கவுண்டர்கள் வரிசையாக இருப்பதால் அங்கே மாற்றுவதில் பெரிய நஷ்டம் இல்லை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் உண்டு, சிங்கப்பூரிலும் சில கடைகளில் உண்டு. ஆப்பில் சர்வதேச யுபிஐயைத் தனியாகத் திறக்க வேண்டும், கடைகளுக்கு மட்டும்தான் செல்லும். ஆட்டோக்காரரிடம் நீட்டிப் பயனில்லை. உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

திரும்பி வந்த பிறகு மீந்த நோட்டில் 2,000 டாலர் மதிப்பு வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். நாணயங்களை இங்கே கடைகள் வாங்குவதில்லை, அவற்றை அந்த ஊர் விமான நிலையத்திலேயே காபிக்கோ தண்ணீருக்கோ தீர்த்துவிடுங்கள்.